ஆணியில் தொங்கும் ஹெட்போன்

ஆணியில் தொங்குகிற ஹெட்போனுக்குள்ளிருந்து தீனா கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான், வா என்கிறான், அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு சொல் கிடையாது, நான் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் கறுப்பு வட்டங்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எனக்குக் கேட்கவில்லை, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவன் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிகிறது, இது கனவா நிஜமாக நடந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, கனவென்றால் சாலிகிராமத்து ஸ்டூடியோவின் பினாயில் வாடை அதற்குள் எப்படி வந்தது, மைக் தாங்கியில் யாரோ அப்பிவிட்டுப் போன குங்குமம் எப்படி வந்தது, மதியத்துக்குமேல் அங்கே அம்மன் பாட்டுப் பதிவு, ஆடி மாதம் வருகிறதல்லவா, எங்களுக்குக் காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரைதான் இடம், அம்மன் எழுந்திருக்கும் முன் பேய்க்கூச்சலை முடித்துக்கொள்ளுங்கள் தம்பிகளா என்பார் ஒலிப்பதிவு செய்த வரதன் அண்ணன், நாங்கள் சிரிப்போம், நான் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பேன், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு.

ஆமாம், என் இடது காது போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது, வலதும் மெல்லக் கிளம்பிக்கொண்டிருந்தது, ஒருவருக்கும் தெரியாது, தெரியவிடவில்லை நான், அதில் நான் கெட்டிக்காரன், டீக்கடையில் எல்லோருக்கும் இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வேன், அப்போதுதான் பேசுகிறவர்கள் என் வலது காதுக்கு வருவார்கள், யாராவது ஏதாவது சொன்னால் அதான், அதான் என்று தலையாட்டுவேன், அதான் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு ஆயுளையே ஓட்டிவிடலாம். மேடையில் பிரச்சினையே இல்லை, எங்கள் குழுவுக்குக் கருங்கல் என்று பெயர், பதினோரு வருஷமாகச் சென்னையில் எந்தக் கல்லூரி விழாவில் ஸ்பீக்கர் வெடித்தாலும் அது எங்களால்தான், கிடார் வாசிக்கும் நெல்சன்தான் குழுவுக்குத் தலைவன், அவன் இடது காலால் தாளம் தட்டிக்கொண்டே வாசிப்பான், அந்தச் செருப்பைப் பார்த்தே நான் அடித்துவிடுவேன், முகுந்தனின் பேஸ் கிடார் அதிர்வு மேடைப் பலகை வழியாக என் உள்ளங்காலுக்கு ஏறிவிடும், காது எதற்கு. ஸ்டூடியோவில்தான் மாட்டிக்கொண்டேன், முதல் ஆல்பம், பதினோரு வருஷக் கனவு, என்னைத் தனி அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள், தரையெல்லாம் கம்பளம், நெல்சனின் செருப்பு எங்கேயோ, கண்ணாடி வழியாகத் தெரிவது தீனா மட்டும், பாடகன், வியாசர்பாடி தீனதயாளன், அவன் அந்தப்பக்கம் நின்று பாட்டை எனக்கு வழிகாட்டுவதற்காகச் சும்மா பாடுவான், அது ஹெட்போனில் வரும், அதைக் கேட்டு நான் அடிக்கவேண்டும், டிரம்ஸ் பதிவானதும் அவனுடைய அந்தப் பாட்டை அழித்துவிட்டுப் பிறகு நிதானமாக நல்லபடி பாடிச் சேர்ப்பார்கள், அதுதான் முறை.

முதல் நாள் மூன்று இடத்தில் தவறவிட்டேன், மூன்றாவது பாட்டில் ஒரு இடம் வரும், எல்லாம் சட்டென்று நின்றுவிடும், நான்கு எண்ணுகிற நேரம் ஒரு சத்தம் இருக்காது, பிறகு எல்லோரும் ஒன்றாகப் போய் விழவேண்டும், நான் ஒவ்வொரு தடவையும் தனியாக விழுந்தேன், தாமதமாக, ஒருமுறை முன்னதாக, இவன் லேட்டா எடுக்கறான்டா, நான் என்ன பண்றது என்று தீனாமேல் போட்டேன், அவன் இடைவேளையில் டீ கிளாஸோடு என் பக்கத்தில் வந்து நின்றான், இடப்பக்கம், வேண்டுமென்றே நின்றிருக்கிறான், ஏதோ சொன்னான், நான் அதான் என்றேன், அவன் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தான், டேய், உன் சட்டைல பல்லி இருக்குதுன்னு சொன்னேன், நீ அதான்னு சொல்ற, உனக்குக் காது கேக்கலடா, எனக்கு ரொம்ப நாளா டவுட்டு, யார்கிட்டயும் சொல்லமாட்டேன், டாக்டராண்ட போலாம் வா என்றான், எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, உன் வேலைய பாத்துக்கினு போடா என்று கத்தினேன், டீ கொட்டியது, பல்லி எதுவும் இல்லை, அதையும் பார்த்தேன். மறுநாள் ஹெட்போன் சத்தத்துக்கான குமிழைக் கடைசிவரை திருப்பிவைத்தேன், அது என் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில் இருந்தது, வெளியே யாருக்கும் தெரியாது, அன்றைக்கு எல்லாம் சரியாக விழுந்தது, ஒன்பது பாட்டும், வரதன் அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார், நான் நானாகவே சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன், அல்லது நினைத்துக்கொள்வதாக நடித்தேன், இரண்டும் எனக்கு அப்போது ஒன்றுதான்.

அன்று மதியம் ஸ்டூடியோ வாசலில் வைத்துத்தான் தீனா எல்லோர் முன்னாலும் சொன்னான், நெல்சா, ஆல்பம் முடிஞ்சு டூர் போறதுக்கு முன்னாடி இவன காது டாக்டராண்ட இட்னு போ, இப்டியே உட்டா முழுசா போய்டும் என்றான், இதில் என்ன தப்பு, ஒரு நண்பன் இதைவிட வேறு எப்படிச் சொல்வான், ஆனால் பதினோரு வருஷம் டிரம்ஸ் அடித்தவனுக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா, நீ இனி வேண்டாம் என்று கேட்டது, கேட்காத காதுக்கு அது மட்டும் கேட்டது பாருங்கள், நான் கத்தினேன், இவன் பாட்டுல தாளம் நிக்கறதில்ல, அத மறைக்க என் காதுமேல போடறான், இவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும், ரெண்டுல ஒண்ணு சொல்லு, நெல்சன் தரையைப் பார்த்தபடி, தீனா, நீ கொஞ்ச நாள் ஒதுங்கி இரேன் என்றான், தீனா உள்ளே போய் மைக் தாங்கியில் போட்டிருந்த தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், என்னைத் தாண்டும்போது எதுவோ சொன்னான், அது என் இடப்பக்கம், என்ன சொன்னான் என்பது தெரியாமலே ஆறு வாரம் தூங்கினேன், தூங்கினேன் என்பது பொய், அதே கனவுதான் வந்தது, ஹெட்போன், ஆணி, வாய் திறந்து மூடுகிற தீனா.

தீனா இடத்துக்கு எஸ்தர் வந்தாள், அயனாவரத்தில் நர்சரிப் பள்ளி டீச்சர், நாற்பது குழந்தைகளை அடக்கி அடக்கித் தேறிய தொண்டை, முதல் பாட்டிலேயே வரதன் அண்ணன் ஒலியளவைக் குறைக்கவேண்டியதாயிற்று, டிரம்ஸ் அப்படியே இருக்கட்டும், குரல் மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்று முடிவு, எனக்கு வேலையில்லை, பின்னால் சோபாவில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன், மூன்றாவது பாட்டு, அந்த நிற்கிற இடம், எஸ்தர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள், அண்ணா, அந்தக் கேப்புல வேற யாரோ இருக்காங்க, என்னைய கூப்பிடற மாதிரி இருக்கு, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு என்றாள், அம்மன் பாட்டு ஏதாவது ஒட்டிக்கினு இருக்கும் என்று முகுந்தன் சிரித்தான், என் ஸ்டூடியோல அப்டியெல்லாம் ஒட்டாது என்று வரதன் அண்ணனுக்கு ரோஷம், அவர் ஒவ்வொரு சத்தமாக மூடிக்கொண்டே வந்தார், எஸ்தர் குரலை மூடினார், இருந்தது, கிடாரை மூடினார், இருந்தது, பேஸை மூடினார், கடைசியில் என் டிரம்ஸ் மட்டும் மிச்சம், சிம்பல் தட்டுக்கு மேலே தொங்கவிட்ட மைக்கைத் தனியாகப் பெரிதாக்கினார், சிம்பல் அடங்கி அடங்கித் தேய்ந்து, அந்த அமைதிக்குள், தூரத்தில், வா.

பெரிய ஸ்பீக்கரில் அவ்வளவு சத்தமாக வைத்ததால் எனக்கே கேட்டது, தீனா, நான் விழவேண்டிய இடத்துக்கு இம்மி முன்னால் வா என்கிறான், அடுத்த இடத்திலும் வா, அடுத்த பாட்டிலும், ஒன்பது பாட்டிலும் நான் நுழைகிற ஒவ்வொரு இடத்திலும் கைப்பிடித்துக் கூட்டிப்போவதுபோல அவன் கூப்பிட்டிருக்கிறான், என் ஹெட்போனிலிருந்து வழிந்து என் மைக்கிலேயே ஏறியிருக்கிறது, முதல் நாள் என்னிடம் அத்தனை பேச்சு வாங்கியவன். வரதன் அண்ணன் நாற்காலியைத் திருப்பினார், தம்பி, இது மைக்ல ஏறணும்னா குமிழக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சிருக்கணும், அத ஒரு மனுஷன் காதுல மாட்டிக்கினு ஒக்கார முடியாதே என்றார், என்னிடம் ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது, ஹெட்போன் ரிப்பேர் அண்ணா என்று சொல்லியிருப்பேன், வாய்வரை வந்துவிட்டது, அவர் கை பட்டுப் பாட்டு மறுபடி ஓடி அந்த இடத்துக்கு வந்தது, வா என்றான், நான் எழுந்து நின்று, எனக்கு லெஃப்ட் காது கேக்காது, ரைட்டும் பாதிதான், தீனா பொய் சொல்லல, நான்தான் சொன்னேன் என்றேன், அவ்வளவுதான், இரண்டு வருஷம் தூக்கிச் சுமந்தது இரண்டு வரிகூட வரவில்லை. அழுவேன் என்று நினைத்தேன், பசிதான் எடுத்தது, பயங்கரப் பசி, நெல்சன் என்னை முறைத்துப் பார்த்தான், போடா மடையா, இத்தன நாளும் மேடைல என் கால பாத்தா அடிச்ச என்றான், பிறகு எதிர் ஓட்டலுக்குக் கூட்டிப்போய் எனக்கு எதிரில் உட்கார்ந்தான், நான் இடம் தேடி மாறி உட்காரவில்லை, எங்கே கிடைத்ததோ அங்கே உட்கார்ந்தேன், ஆறு இட்லி தின்றேன், எத்தனை நாளுக்குப் பிறகு ருசி தெரிந்தது.

அங்கிருந்தே தீனாவுக்குப் போன் போட்டேன், எடுத்தான், நான் பேர் சொல்லும் முன்பே, எந்தக் காதுல வச்சிருக்க என்றான், ரைட்டு என்றேன், அப்ப சரி, கேட்டுக்கோ என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் திட்டினான், வியாசர்பாடியில் வழங்குகிற எல்லாவற்றையும் சொல்லித் திட்டினான், ஒரு சொல் விடாமல் கேட்டேன், மன்னிச்சுடுடா, திரும்பி வந்து பாடு, நான் வெளிய போயிடறேன் என்றேன், நீ எங்க போவ, பஸ்ஸு ஹாரன்கூட கேக்காத உனக்கு என்றான், எஸ்தர் பாடட்டும், நல்லா பாடறாளாம், வரதண்ணன் சொன்னாரு, எனக்கு மச்சான் பேட்டரிக் கடைல வேலை நல்லாத்தான் இருக்குது, ராத்திரில நிம்மதியா தூங்கறேன், நீ மொதல்ல டாக்டராண்ட போ என்றான், அன்னிக்கு வாசல்ல என்னைத் தாண்டும்போது என்னடா சொன்ன என்று கேட்டேன், நீ கடைசி வரைக்கும் திருப்பனத கண்ணாடி வழியா பாத்தேன், குமிழக் கொறச்சு வையின்னு சொன்னேன், வேற இன்னா சொல்வேன் என்றான்.

டாக்டர் இடதைக் கைவிட்டார், வலதைப் பிடித்து நிறுத்திவிடலாம் என்றார், இன்னும் கொஞ்ச நாள் அந்தச் சத்தத்தை மாட்டியிருந்தால் அதுவும் போயிருக்குமாம், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கருவியைக் கொடுத்தார், அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் என் செருப்புச் சத்தமே எனக்குக் கேட்டது, நின்றுவிட்டேன், திரும்பவும் நடந்து பார்த்தேன், பைத்தியக்காரன்போல. ஒன்பது பாட்டிலிருந்தும் அந்தக் குரலை எடுத்துவிடலாம் என்றார் வரதன் அண்ணன், கூடாது என்று முதலில் சொன்னது எஸ்தர், அவங்க கூப்பிட்டாத்தான் எனக்கே பாட வருது என்றாள், ஆல்பம் அட்டையில் பாடியவர் எஸ்தர் என்று போட்டு அடுத்த வரியில் கூப்பிட்டவர் தீனதயாளன் என்று போட்டோம், படித்தவர்கள் யாருக்கும் புரியவில்லை, பரவாயில்லை.

பத்தாவது பாட்டு ஒன்று பாக்கி இருந்தது, கடைசியாக எழுதியது, அதற்கு மட்டும் நான் புதிதாக அடிக்கவேண்டும், அதே அறை, அதே கம்பளம், காலை ஏழரை, குமிழைப் பாதிக்கும் கீழே வைத்திருக்கிறேன், வரதன் அண்ணன் எட்டிப் பார்த்துச் சோதித்துவிட்டுப் போகிறார், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எஸ்தர், அவள் பக்கத்தில் ஒரு மணிநேரம் கடையிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு வந்த தீனா, தோளில் அதே துண்டு, நான் குச்சிகளைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஹெட்போன் இன்னும் எடுக்கப்படாமல் ஆணியில் தொங்குகிறது, கண்ணாடிப் பக்கம் நான் பார்க்கவில்லை, அவன் வாயைப் பார்க்கவில்லை, குனிந்திருக்கிறேன், முதுகுக்குப் பின்னால், ஆணியிலிருந்து, பொடிசாக, வா என்கிறது, கேட்டுவிட்டது, வரேன்டா, வரேன்.