இரண்டாவது கிண்ணம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தேநீர் இடைவேளையில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லை வேலிக்கு இந்தப் பக்கம் மங்கோலியா, அந்தப் பக்கம் சீனாவின் உள் மங்கோலியா. இரண்டு பக்கத்துக் கால்நடை மருத்துவர்களும் வருடத்துக்கு இரண்டு முறை ஒரே மேசையில் உட்கார்ந்து கோமாரி நோயைப் பற்றிப் பேசுவார்கள். பதினான்கு வருடமாக அவர்கள் பேசுவதை எழுதிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. போன இலையுதிர் காலத்துக் கூட்டத்தில், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் மருத்துவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்கு ரெண்டாவது கிண்ணம் குடிக்காம எந்திரிச்சுட்டேன்."

இடைவேளையில் சொன்னது கூட்டக் குறிப்பில் வராது. அதனால் அது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அவரிடம் மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பனி உருகி, புல் இன்னும் தலைகாட்டாத அந்த வசந்தத்தில், சமவெளியின் மேல் காற்று..."

வேண்டாம். காற்றில் தொடங்கினால் நான்கு பக்கத்துக்குக் காற்றேதான் அடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது முயற்சி:

"நோய்க்கிருமிக்கு எல்லை தெரியாது..."

இதை எல்லாக் கூட்டத்திலும் யாராவது சொல்கிறார்கள். நானே முப்பது தடவையாவது எழுதியிருப்பேன். கதையிலுமா?

மூன்றாவது முயற்சி நிற்கும் என்று நினைக்கிறேன். அது இதுதான்.

3

துலம்சுரேனுக்கு ஐம்பத்திரண்டு வயது. வேலியை ஒட்டிய அந்த வட்டத்துக்கு அவள் ஒருத்திதான் மருத்துவர். அவள் பொறுப்பில் நூற்றுப்பத்துக் கம்பளிக் கூடாரங்கள், அவற்றைச் சுற்றி மந்தைகள்.

இங்கே யார் கூடாரத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "மாடு கன்னு சுகமா?" பதில், "சுகம்." பாதி மந்தை பனியில் செத்துக் கிடந்தாலும் அதுதான் பதில். வாசலிலேயே மந்தையைப் பற்றிக் கெட்டது சொன்னால் கெட்டது வந்து ஒட்டிக்கொள்ளும். யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை.

துலம்சுரேன் இதைத் தெரிந்து தொழில் செய்பவள். உப்புப் போட்ட பால்தேநீர் முதல் கிண்ணம் தீரும்வரை பெட்ரோல் விலை, பிள்ளைகள் படிப்பு என்று பேசிக்கொண்டிருப்பாள். இரண்டாவது கிண்ணம் கைக்கு வந்ததும் ஏதாவது ஒரு மாட்டைப் பேர் சொல்லிக் கேட்பாள்: "அந்தக் கோணக்கொம்புச் செவல, நல்லாத் தின்னுதா?" மந்தையைக் கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். ஒரு மாட்டைக் கேட்டால் உண்மை வரும்.*

* இந்த வித்தையை, இதே செவலையை உதாரணமாக வைத்து, அவள் உர்த்னாசனுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்து மருத்துவன் அவன். அவளைவிடப் பத்து வயது இளையவன். "உங்காளுங்ககிட்ட உண்மை வாங்கணும்னா ஒரு கெட்டில் டீ செலவாகும் போலக்கா," என்றான். "உங்காளுங்களுக்கு ரெண்டு கெட்டில்," என்றாள் அவள்.

4

தொலைபேசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இது கொஞ்சம் கட்டுரை போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாட்டின் வாயில் கொப்புளம் கண்டால் துலம்சுரேன் கடிதம் எழுதுவாள். அது மாகாணத்துக்குப் போய், தலைநகருக்கு ஏறி, அடுத்த நாட்டுத் தலைநகருக்குத் தாவி, அங்கிருந்து படிப்படியாக இறங்கி உர்த்னாசனின் மேசைக்கு வர பதினோரு நாள் ஆகும். அவன் மேசை அவள் கூரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர். கோமாரிக்கு மூன்று நாள் போதும்.

அதனால் ஆறு வருடத்துக்கு முன்பு இரண்டு அரசுகளும் சோதனை முயற்சியாக ஒரு சலுகை கொடுத்தன. இந்த இருவர் மட்டும் முதலில் தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம். காகிதம் பின்னால் வரட்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பித் தடுப்பூசியோ தடையோ போடலாம். சொன்னது தவறாகப் போனால் சலுகை ரத்து. ஆறு வருடத்தில் மூன்று முறை நோய் கண்டது. மூன்று முறையும் வேலியைத் தாண்டவில்லை. துலம்சுரேன் வாழ்க்கையில் தன் கையால் செய்த நல்ல காரியம் என்று நினைப்பது அந்தத் தொலைபேசி ஒன்றைத்தான்.

5

செவ்வாய்க்கிழமை. செரென்கந்தின் கூடாரம். செரென்கந்துக்கு நாற்பது வயது இருக்கும். கணவன் நகரத்தில் வேலை, மந்தை முழுக்க அவள் தலையில்.

"டாக்டரக்கா, உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே ஊசின்னு நெனச்சு கன்னுக்குட்டியெல்லாம் ஓடுது."

"ஓடட்டும். ஓடுற கன்னுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். மாடு கன்னு சுகமா?"

"சுகம்."

முதல் கிண்ணம் குடித்தாள். வழியில் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் போயிருந்தது. இன்னும் நான்கு கூடாரம் பாக்கி. மேற்கே மண்புயல் எழும்பிக்கொண்டிருந்தது. செரென்கந்த் அடுப்பிலிருந்து கெட்டிலை எடுத்து இரண்டாவது கிண்ணத்தை நிரப்பி நீட்டினாள்.

"இன்னொரு நாள் குடிக்கிறேம்மா," என்று துலம்சுரேன் எழுந்துவிட்டாள்.

அன்று மாலை உர்த்னாசன் கூப்பிட்டான். நாளைக்கு அவள் பக்கத்திலிருந்து ஆட்டுமயிர் லாரி ஒன்று வரப்போகிறது, நிலைமை எப்படி என்று கேட்டான்.

"அஞ்சு கூடாரம் பாத்துட்டேன். சுகம்தான் தம்பி. விடு."

விட்டான். புதன்கிழமை காலை லாரி செரென்கந்தின் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு எல்லையைக் கடந்தது.

6

வெள்ளிக்கிழமை செரென்கந்தே ஆள் அனுப்பினாள். பதினொரு மாடு வாயில் நுரை தள்ளி நின்றன. துலம்சுரேன் கையுறை போட்டுக் கோணக்கொம்புச் செவலையின் வாயைத் திறந்தாள். நாக்கில் கொப்புளம் உடைந்து, ஓரம் ஆறத் தொடங்கியிருந்தது. புண்ணின் வயதை அவளுக்குப் படிக்கத் தெரியும். குறைந்தது ஐந்து நாள். செவ்வாய்க்கிழமை அவள் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தபோதே வெளியே இது இருந்திருக்கிறது.

"ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

செரென்கந்த் அவளையே பார்த்தாள். "சொல்லத்தான் கிண்ணத்த நெரப்புனேன் டாக்டரக்கா. நீங்க கேக்கவே இல்லியே."

[இந்த இடத்தில், "துலம்சுரேனின் கண்கள் கலங்கின" என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் அழமாட்டாள். கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு அடுத்த மாட்டிடம் போவாள்.]

7

படிவத்தில் ஒரு கட்டம்: நோய் தொடங்கிய நாள்.

"வியாழன்" என்று எழுதினால் லாரி சுத்தம். யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். திங்களுக்குள் எல்லாப் புண்ணும் ஒரே வயதுப் புண்ணாகத் தெரியும். "ஞாயிறு" என்று எழுதினால், மயிரில் கிருமி ஒட்டியிருக்கலாம் என்று லாரியைத் தேட வேண்டும். அது மூவாயிரம் மாடு இருக்கும் ஊரில் ஒரு கிடங்கில் நிற்கிறது. அவள் சொன்ன தவறான சொல்லும் வெளியே வரும். தொலைபேசி போய்விடும். அடுத்த வசந்தத்தில் கொப்புளம் கண்டால் பதினோரு நாள்.*

* உர்த்னாசனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி லாரியைப் பூட்டச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். பூட்டினால் ஏன் பூட்டினேன் என்று அவன் எழுத வேண்டும். எழுதுவான். அப்படிப்பட்டவன் என்பதால்தான் ஆறு வருடம் அந்தத் தொலைபேசி நின்றது.

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நல்லவள் ஒரு நாள்கூட யோசிப்பாளா? உடனே சொல்லிவிட மாட்டாளா? பிறகு அந்தத் தேநீர் இடைவேளையில் அந்த மருத்துவர் கோப்பையோடு நின்ற விதம் நினைவுக்கு வந்தது. யோசித்திருப்பாள்.

8

முடிவு, ஒன்று. சொல்லிவிடுகிறாள். லாரி பூட்டப்படுகிறது, கிடங்கைச் சுற்றி ஊசி போடுகிறார்கள், நோய் நின்றுவிடுகிறது. தொலைபேசியை எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த வசந்தத்தில் அவள் எழுதிய கடிதம் எங்கோ ஒரு மேசையில் இருக்கும்போது... இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு, இரண்டு. சொல்லவில்லை. லாரியில் எதுவும் இல்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தொலைபேசி இன்னும் பத்து வருடம் ஓடுகிறது. இதை எழுதி முடித்தபோது எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. மூட்டைக்குள் கிருமி இல்லை என்று முடிவு செய்ய நான் யார்?

முடிவு, மூன்று. இரண்டு நாட்டு அதிகாரிகளும் அவள் நேர்மையைப் பாராட்டி, தொலைபேசியை அவளிடமே... சிரிக்காதீர்கள். கூட்டக் குறிப்பு எழுதுபவனுக்கு இப்படித்தான் கை போகும்.

9

சனிக்கிழமை காலை. குன்றின் மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். துலம்சுரேன் ஏறி நின்று மூச்சு வாங்குகிறாள். கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அவள் எண்ணை அழுத்துவதற்குள் அவனே கூப்பிடுகிறான்.

"என்னக்கா, வண்டி ஓடுதா, இல்ல நீங்கதான் தள்ளுறீங்களா? மாடு கன்னு சுகமா?"

இந்தக் கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியாது. கடையில், தபால் நிலையத்தில், இங்கே பதினான்கு வருடமாக யார் எதைக் கேட்டாலும் என் வாய் "சுகம்" என்கிறது. இதை இங்கே வந்து கற்றேன் என்றும் சொல்ல முடியாது. காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த அன்று அம்மா ஊரிலிருந்து கூப்பிட்டாள். "நல்லாத்தாம்மா இருக்கேன்," என்றேன். என் கையில் விட்டால் துலம்சுரேனும் அதையே சொல்லிவிடுவாள்.

ஆகவே அவளை மௌனமாக நிறுத்திவைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் உர்த்னாசன் கேலியெல்லாம் போன குரலில் சொல்கிறான்:

"அக்கா. ரெண்டாவது கிண்ணம் ஊத்தியாச்சு. அந்தக் கோணக்கொம்புச் செவல, தின்னுதா?"

"........................................................"

புள்ளியிட்ட இடம் உங்களுடையது. கிடங்கில் லாரியைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள்.