கண்ணுக்குப் பயந்து மறைத்த மாத்திரை

எகிப்தில் எங்கள் மன்சூரா ஊரில் நல்லது எதுவானாலும் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். கண் பட்டுவிடுமாம். என் தங்கை ரிஹாம் அந்தப் பயத்தில் எல்லோரையும் மிஞ்சியவள். இடுப்பைத் தாண்டிய கூந்தலுக்காக அவள் தினமும் ஒரு வைட்டமின் மாத்திரை விழுங்குவது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணமாகி ஒரு வருடமாகியும் குழந்தை இல்லை என்று மாமியார் உம்மு ஷெரீஃப் அவளைத் தைராய்டு பரிசோதனைக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தவள் என்னிடம் சிரித்தாள்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறியான்னு டாக்டர் கேட்டாரு, அக்கா. இல்லைன்னுட்டேன். சொல்லியிருந்தா நாத்தனாருங்க நாலு பேரும் நாளைக்கே அதை வாங்க மருந்துக்கடைக்கு ஓடுவாங்க!"

சுரப்பி தறிகெட்டுச் சுரக்கிறது என்று முடிவு வந்தது. அதை அடக்க மாத்திரை கொடுத்தார்கள்.

அதற்குச் சில வாரங்களில் ரிஹாம் ஆளே மாறிப்போனாள். ஆகஸ்ட் வெயிலில் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியது. குரல் கரகரத்தது. மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இன்னும் அதிகம்தான் என்று மாத்திரையை இரட்டிப்பாக்கினார்கள். அவளோ பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனாள்.

"கண்ணுதான்" என்று மாமியார் சாம்பிராணி போட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அதிகமாகச் சுரந்தால் உடம்பு கொதிக்க வேண்டாமா? கொதிக்கிற பானை இப்படியா சில்லென்று கிடக்கும்? மருந்துக்கடை சமீஹாவிடம் போய், முடி மாத்திரை உட்பட எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முகம் வெளுத்தது.

"ஐயோ இஜ்லால்! அந்த முடி மாத்திரை ரத்தத்துல இருந்தா தைராய்டு டெஸ்ட் மெஷின் தப்பா காட்டும். இல்லாத நோயை இருக்குன்னு சொல்லும். அவளுக்குச் சுரக்குறதே கம்மியா இருந்திருக்கும். அதையும்ல அடக்கிட்டாங்க! ஓடு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ!"

அவள் வீட்டுக்கு ஓடினேன். அறை முழுக்கப் புகை. நாத்தனார்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "காலையிலேருந்து எழுப்புறோம், கண்ணையே தொறக்கல" என்றார் மாமியார். தங்கையின் கையைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. மூச்சு மட்டும் எப்போதோ ஒன்று வந்தது.

"அவ முடிக்கு மாத்திரை சாப்பிடுறா! அதாலதான் டெஸ்ட் தப்பாப் போச்சு! வண்டியக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன்.

தலையணை கொள்ளாமல் அவிழ்ந்து கிடந்தது அந்தக் கூந்தல். அங்கே யாரும் அதைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை.