சந்தனத்தின் மேல் ஒட்டிய ஈயம்

"முன்சக்கரம் ஆடுது, கடைக்குக் கொண்டு போங்கலா" என்றாள் ரூபினி. அவள் கணவன் தனேஷ் கேட்கவில்லை. வீட்டிலேயே மோட்டார் சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றி, அச்சில் தாங்கவைத்துச் சுற்றினான். கனமான பக்கம் கீழே வந்து நின்றது. அதற்கு நேர் எதிரே, ரிம்மில் ஈயத்துண்டு ஒன்றை ஒட்டினான்.

மறுநாள் காலை ரூபினி அதை எடுத்துக்கொண்டு, ஜுருவில் தான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குக் கடல்மேல் போகும் நீண்ட பாலம் வழியாகப் புறப்பட்டாள். அவள் போன பிறகு பார்த்தால், வாசலில் அந்த ஈயத்துண்டு கிடந்தது. பசை முழுக்க ஆயுத பூசையன்று ரிம்முக்கு இட்ட சந்தனம். அதைத் துடைக்காமலே ஒட்டியிருக்கிறான்.

ஏழு முறை அழைத்தான். எட்டாவது முறை எடுத்தாள். லாரிகளின் இரைச்சல் கேட்டது.

"பாலத்து நடுவுல ஓரமா நிக்கிறேன். ஹேண்டில் உதறுது."

"ஓட்டாத! அங்கேயே நில்லு, நான் வர்றேன்."

"எதுலலா வருவீங்க? மோட்டார் எங்கிட்டதானே இருக்கு?"