இரண்டாவது பிரேக்

முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பயிற்சிக் காரின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்த அந்த அம்மாள், ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதை ஒரு சுற்றுத் துடைத்தார். பிறகு சீட்டை முன்னால் இழுக்கும் கம்பியைத் தேடினார். கிடைக்கவில்லை. "இதெல்லாம் முதல்லயே சொல்லித் தரமாட்டீங்களா?" என்றார். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கொஞ்சம் இழுத்து, அதிலேயே எதிரில் இருப்பவரை ஓர் அங்குலம் குட்டையாக்கிவிடுகிற குரல். பக்கத்து இருக்கையிலிருந்த பயிற்சியாளருக்கு அது மறக்கக்கூடிய குரல் இல்லை. குனிந்து கம்பியைக் காட்டினாள். அவள் முகத்தை அந்த அம்மாள் பார்க்கவில்லை. பார்க்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது.

ஐந்து வருஷம் முன்னால் அவளுடைய பெரிய மகளுக்குப் பத்து வயது. ஊரிலேயே பேர் பெற்ற அந்தத் தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் பிடிப்பதென்றால் ஊசிக் காதில் ஒட்டகத்தை நுழைக்கிற வேலைதான். அந்த ஒரு வருஷம் முழுக்க வீடு வீடாக இல்லை. சமையலறைச் சுவரில் வடிவப் புதிர்கள், குளியலறைக் கதவில் வாய்ப்பாடு. சனி ஞாயிறு கோச்சிங். தோழிகளின் பிறந்தநாளுக்குப் போகாமல் இருக்கப் பெரியவளுக்கு வாரத்துக்கொரு காய்ச்சல் வரவழைக்கப்பட்டது. "அவளுடைய அம்மா என் அம்மாவுக்கு ஒரே மகள் என்றால் அவள் எனக்கு யார்?" என்று குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவில் அம்மா கேட்பாள். "உங்களுக்குப் பொண்ணும்மா, நான்தாம்மா அது" என்று சிரிப்பாள் பெரியவள். பெற்றோரையும் நேர்காணல் செய்வார்கள் என்று கேள்விப்பட்டதும், லிஃப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரர் தம்பியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "எங்கள் குழந்தையின் தனித்தன்மையை நாங்கள் மதிக்கிறோம்" என்று மனப்பாடம் செய்தார். தனித்தன்மை என்ற சொல்லில் தினமும் நாக்குத் தடுக்கும். சின்னவள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எழுத்துத் தேர்வில் பெரியவள் தேறிவிட்டாள். நேர்காணல் அறையில் நீண்ட மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இந்த அம்மாள், அப்போது தலைமையாசிரியை. ஒரு கூட்டல் கணக்கு கேட்டார். பதில் சரியாகத்தான் வந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக. "கையை மேல வை. விரல் விட்டா எண்ணுற?" என்று அவர் கேட்டதும் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லை. மிருகக்காட்சிசாலையில் குட்டிக் குரங்கைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி. குழந்தை பத்து விரலையும் மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்த அம்மாள் பெற்றோர் பக்கம் திரும்பி, "திறமை இருக்கு. தாங்குற பக்குவம் இல்ல. உங்க ஆசைய அவ தலையில ஏத்தாதீங்க" என்றார். அந்த வார்த்தை முழுப்பொய்யாக இருந்திருந்தால் தாய்க்கு அத்தனை வலித்திருக்காது.

பெரியவள் வேறு பள்ளியில் சேர்ந்தாள். நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் யார் எது கேட்டாலும் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். பூனையின் காலம் இப்படி சீட் பெல்ட் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே வந்து உட்காரும் என்று அவள் நினைத்ததில்லை.

அந்த அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய வீட்டுக்காரருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறதாம். இத்தனை வருஷம் அவர்தான் எங்கும் வண்டி ஓட்டிக் கூட்டிப் போனார். இனி இவர் ஓட்டினால்தான் உண்டு. இதையெல்லாம் முதல் வகுப்பிலேயே, உத்தரவு போடுகிற தொனியில் சொல்லிவிட்டார். பயிற்சிக் காருக்கு ஓட்டுநர் பள்ளியில் வைத்த பெயர் இருமல்காரி. கிளப்பும்போதெல்லாம் மூன்று தடவை இருமிவிட்டுத்தான் எழுந்திருக்கும். அதில் பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் இவள் மிதித்துக் காப்பாற்ற வேண்டும். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய பிரேக் அது.

அந்த அம்மாளுக்கு ஓட்டுதல் நன்றாகவே வந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். ஒரு நாள் கடைத்தெருத் திருப்பத்தில், பச்சை சிக்னல் விழுந்து அவர் கிளட்சை நிதானமாக விட்டுக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளரின் கால் தானாக நகர்ந்து பிரேக்கை லேசாக அழுத்தியது. வண்டி ஒரு குலுக்கலோடு ஆஃப் ஆனது. பின்னால் வரிசையாக ஹாரன். அந்த அம்மாளின் காது மடல் சிவந்தது.

"நான் சரியாத்தானே விட்டேன்?"

"அவசரப்பட்டுட்டீங்க மேடம். பரவால்ல, எடுங்க."

எடுத்தார். மறுபடி அழுத்தினாள். மறுபடி ஆஃப். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்த விரல்கள் வெளுத்துப் போனதை அவள் பார்த்தாள். நாக்கில் தேன் தடவியது மாதிரி இருந்தது.

பிறகு அது வழக்கமாயிற்று. தினமும் இல்லை, தினமும் செய்தால் சந்தேகம் வரும். இரண்டு நாள் நன்றாக ஓட்டவிட்டு, அவர் முகம் கொஞ்சம் மலரும் நேரம் பார்த்து, மூன்றாவது நாள் நாற்சந்தியில் வைத்து அழுத்துவாள். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது அந்த முகத்தை நினைத்துக்கொள்வாள். வேலை அலுப்பே தெரியாது. மாதக் கடைசியில் அந்த அம்மாள், "டெஸ்டுக்குத் தேதி போட்டுடலாமா?" என்று கேட்டபோது, இவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் நிறுத்திச் சொன்னாள்.

"திறமை இருக்கு மேடம். தாங்குற பக்குவம்தான் இல்ல. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

ஏதாவது நினைவுக்கு வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. "நீ சொன்னா சரிம்மா" என்றார் அந்த அம்மாள். எப்போது 'நீங்க' 'நீ'யானது, எப்போது அதோடு 'அம்மா'வும் சேர்ந்தது என்று இவள் கவனித்திருக்கவில்லை.

யாருக்குக் கார் சொல்லிக்கொடுக்கிறாள் என்பதை வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கையை நிறுத்திவிட்டார்.

"அந்தம்மாவா? அந்த அம்மாவேவா?"

"அதே அம்மாதான்."

"அடியே, அதிர்ஷ்டம் வீடு தேடி வந்திருக்கு, நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. சின்னவ இந்த வருஷம் அதே ஸ்கூலுக்கு எழுதப் போறா. ரிட்டயர் ஆனாலும் அட்மிஷன் கமிட்டியில அந்தம்மா இன்னும் இருக்காங்களாம், கோச்சிங்ல பேசிக்கிட்டாங்க. நல்லபடியா சொல்லிக் குடுத்து, மெதுவா விஷயத்த காதுல போடு."

"அந்தம்மாகிட்ட நான் போய்க் கெஞ்சணுமா?"

"கெஞ்ச வேணாம். காரியம் ஆகணும்னா கழுதைக் காலையும் பிடிக்கணும்னு சும்மாவா சொன்னாங்க?"

"நீங்க புடிங்க. எனக்குக் குனிஞ்சா முதுகு வலிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவர் அதற்குப் பிறகும் தினமும் கேட்டார். கேட்டியா, சொன்னியா, என்ன சொன்னாங்க. அவர் கேட்பதிலும் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். இரவல் கோட்டில் வேர்த்து நின்றவர் அவரும்தானே. அவர் அதைத் துடைத்துப் போட்டுவிட்டார், இவளால் முடியவில்லை.

மேலும் தள்ளிப்போட முடியாமல் டெஸ்டுக்குத் தேதி போட்டாயிற்று. முந்தின நாள் மாலை சின்னவளுக்குப் பெரியவள் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது. "விரல் விட்டு எண்ணினா தப்பில்லடி. ஆனா கையத் தொடைக்குக் கீழ வச்சு எண்ணு. மேல வச்சா பாத்துடுவாங்க. பாத்தா சிரிப்பாங்க." சின்னவள் உடனே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு, "இப்படியாக்கா?" என்றாள். "ஆங், அப்படித்தான்."

மடித்த துணியை அவள் மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

காலையில் அந்த அம்மாள் இஸ்திரி போட்ட உடையில், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி, சீக்கிரமே வந்து காத்திருந்தார். டெஸ்ட் மைதானத்துக்குப் போகிற வழியில் இவளே ஓட்டினாள்.

"ராத்திரி தூக்கமே வரல தெரியுமா?" என்றார் அந்த அம்மாள். "எத்தனை ஆயிரம் பிள்ளைங்களுக்குப் பரீட்சை வச்சிருப்பேன். இப்ப வயித்தக் கலக்குது. சிரிக்காத."

இவள் சிரிக்கவில்லை.

"உன் வீட்டுக்காரர் நேத்து போன் பண்ணினார்ம்மா. சின்னப் பொண்ணு எழுதுறாளாமே. நீ ஏன் என்கிட்ட சொல்லல? நான் ஒரு வார்த்தை சொல்றேன். உன் பொறுமைக்கு நான் இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

இவள் கியரை மாற்றினாள். உள்ளே எழுந்தது நன்றியா, கோபமா என்று பிரித்தெடுக்க நேரமில்லை. மைதானம் வந்துவிட்டது.

தேர்வு அதிகாரி பின் சீட்டில் ஏறிக்கொண்டார். இவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்ததால் இவள் கால் அவருக்குத் தெரியாது. அந்த அம்மாள் அழகாக ஓட்டினார். வளைவுகளில் பிசகில்லை, பின்னோக்கி நிறுத்தியதிலும் பிசகில்லை. கடைசியாக மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும். நிறுத்தினார். கியர் போட்டார். கிளட்ச் மெல்ல மேலே வந்தது, ஹேண்ட் பிரேக் கீழே இறங்கியது, இருமல்காரி மூச்சை இழுத்துக்கொண்டு ஏறத் தயாரானாள். சின்னவளுக்கு ஒரு இடம். ஒரே ஒரு இடம், காலை எடுத்து வைத்துக்கொண்டால் போதும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரிந்தது மேஜைமேல் விரித்து வைத்த பத்து விரல்கள்தான்.

அழுத்தினாள்.

வண்டி குலுங்கி நின்றது. "இன்னொரு தடவை எடுங்க" என்றார் அதிகாரி, நல்ல மனிதர். அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு எடுத்தார். இவள் மறுபடியும் அழுத்தினாள், இந்த முறை முழுசாக. அதிகாரி தாளில் ஏதோ கிறுக்கிவிட்டு, "அடுத்த தடவை பாக்கலாம்மா" என்று இறங்கிப் போனார்.

காரை ஓரமாக எடுத்து நிறுத்திய பிறகும் அந்த அம்மாள் ஸ்டியரிங்கை விடவில்லை. கண்ணீர் சத்தமில்லாமல் வழிந்து மோவாயில் நின்றது. "என் கால் சொன்ன பேச்சு கேக்கலம்மா. எனக்கு வயசாயிடுச்சு. அவ்வளவுதான்."

இத்தனை நாள் இந்த முகத்துக்குத்தான் அவள் காத்திருந்தாள். இப்போது அது போதவில்லை. அவர் தன்னையே பழித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் இவள் பட்டதற்குக் கணக்குத் தீராது. யார் செய்தது என்று தெரியாத அடி, அடியே இல்லை.

"உங்க கால் இல்ல மேடம். என் கால்."

"என்ன?"

"நான்தான் மிதிச்சேன். இன்னிக்கு மட்டும் இல்ல. கடைத்தெருவுல, நாற்சந்தியில, எல்லாத் தடவையும். நீங்க என்னிக்குமே தப்பா ஓட்டினதில்ல."

அந்த அம்மாள் மெதுவாகக் குனிந்து இவள் காலடியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார் என்றே சொல்லலாம்.

இவள் சொன்னாள். அறை, மேஜை, மூன்று பேர், கூட்டல் கணக்கு, விரல், சிரிப்பு. அவர் சொன்ன கடைசி வார்த்தை வரைக்கும் சொன்னாள். அந்த அம்மாள் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிப்பில்லை, உண்மையாகவே தேடினார். கிடைக்கவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார். "எத்தனையோ பிள்ளைங்க."

"தெரியும்."

"இதுக்காகவா? இத்தனை மாசமா?" அந்தக் குரலில் பழைய இழுப்பு இல்லை. பிறகு, "நான் இதை எழுதிக் குடுத்தா உன் வேலை போயிடும்" என்றார்.

"போகும்."

"உன் சின்னப் பொண்ணு…"

"அவள எதுக்கு இதுல இழுக்கறீங்க?" என்றாள் வெடுக்கென்று. சொன்ன உடனே, இழுத்தது யார் என்பது அவளுக்கே உறைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த அம்மாள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கதவைத் திறந்து இறங்கினார். அறைந்து சாத்துவார் என்று எதிர்பார்த்தாள். குழந்தை தூங்குகிற அறைக் கதவைப் போல மெல்லச் சாத்திவிட்டு நடந்தார்.

மைதானத்தின் வேலியோரம், மரத்தடி சிமெண்டு பெஞ்சில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். தலைவாரி, ஷூவெல்லாம் போட்டு, ஊருக்குக் கிளம்பினவர் மாதிரி. மனைவி பாஸானதும் முதல் சவாரிக்கு வந்திருக்கிறார் போல. வேறொரு கார்க்கதவுச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றார். அந்த அம்மாள் இன்னும் பாதித் தூரம்கூடப் போயிருக்கவில்லை. கிழவர் முகமெல்லாம் சிரிப்பாக, வேறு பக்கம் நின்ற யாருடைய காரையோ பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினார். அந்தக் காருக்குள் தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு பையன், ஒன்றும் புரியாமல், தானும் கையை உயர்த்தி ஆட்டினான்.