செத்ததை மட்டும்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் எதையும் ஒரு தடவைதான் பார்ப்பார். பார்த்ததும் முடிவு கட்டிவிடுவார். ஊரார் பார்வையைச் சரிசெய்கிறவருக்கு அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது.

காத்திருப்பவர்கள் பார்க்கக் கடையில் ஓர் உப்புநீர்த் தொட்டி. பவளம், மணல், மணல்மேல் படுத்தே கிடக்கும் ஒரு மீன். அசையாமல் கிடந்தாலும் வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துவிட வேண்டும் என்பதால் மனைவி அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தாள். கல்லாவில் உட்கார்ந்தபடி அதனோடு கதை பேசுவாள்.

மிச்சம் மீதியைத் தின்ன எட்டு நத்தைகளும் வாங்கிப் போட்டிருந்தார். மணலுக்குள் புதைந்து கிடக்கும். இரை வாசனை பட்டால் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை நீட்டிக்கொண்டு மேலே வரும். செத்ததை மட்டும்தான் தொடும் என்று வண்ணமீன் கடையில் சொன்னதை, தானே கண்டுபிடித்தது போல வருகிறவர்களிடமெல்லாம் அளந்தார்.

பாசி கூடியதும் தீனியை மூன்று நாளைக்கு ஒரு தடவை என்று குறைத்தார். மிச்சமே விழாவிட்டால் நத்தைகள் எதைத் தின்னும் என்று மனைவி கேட்டாள். அது அவற்றின் பாடு என்று வாயை அடைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் கடையைத் திறந்தபோது மாப்பிள்ளையின் வாலில் நான்கு நத்தைகள் மொய்த்திருந்தன. நத்தை ஏறிவிட்டதா, அப்படியானால் மீன் செத்துவிட்டது. மனைவி வருவதற்குள் அவையே தின்று முடிக்கட்டும் என்று லென்ஸ் தேய்க்கப் போய்விட்டார்.

அரைமணி நேரத்தில் அவள் வந்தாள்.

"என்னங்க, செவுள் அசையுதுங்க."

ஓடி வந்து குனிந்து பார்த்தார். செவுள் மூடித் திறந்தது. நத்தைகளைப் பிய்த்தெடுத்தபோது வால் இல்லை, அதற்கு மேலும் கொஞ்சம் இல்லை. மாப்பிள்ளை மத்தியானம் வரை உயிரோடு இருந்தது.

"நீங்க எப்பப் பாத்தீங்க?"

"நீ கூப்பிட்டப்பதான்."

சாயங்காலம் அவளே தீனி போட்டாள். எட்டு நத்தைகளும் ஒன்றாக மேலே வந்தன. பசிதான், பாவம் என்றாள். அவர் முகம் செத்துக் கிடப்பதைப் பார்த்து அவரையும் தேற்றினாள்.

"விடுங்க. முன்னாடியே பாத்திருந்தா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா?"

அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதில் அழுக்கே இல்லை.