அலையின் முதுகு

இரும்புப் படிக்கட்டு ஏறினால் வரும் கண்ணாடி அறையில்தான் எனக்கு வேலை. ஒரு மேசை, ஒரு வயர்லெஸ், சுவரில் கடல்நீர் ஏற்ற வற்ற அட்டவணை, கால் ஆடும் நாற்காலி. கீழே ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டு ஒன்று தண்ணீருக்குள் கிடக்கிறது. சின்னப் படகுகள் அதைத் தாண்டித்தான் மீன்பிடிக்கப் போகவேண்டும், வரவேண்டும். அலை எண்ணிப் பார்த்து நான் "வா" என்றால் வருவார்கள், "நில்" என்றால் நிற்பார்கள். பன்னிரண்டு வருடமாக எண்ணுகிறேன். தூக்கத்திலும் எண்ணுகிறேன் என்று வீட்டில் புகார்.

அந்தக் காலை பனிமூட்டம். காற்றே இல்லை. கண்ணாடிக்குக் கீழே முகத்துவாரம் மட்டும் தெரிந்தது; அதற்கு அப்பால் வானமும் இல்லை, கடலும் இல்லை, ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ என் வீட்டுக்காரர் இருந்தார்.

விடிவதற்கு முன்பே கிளம்பிப் போனவர். அன்றைக்குப் பத்து மணி பஸ்ஸில் எங்கள் ஒரே மகள் நர்ஸ் வேலைக்காக வெளிநாடு புறப்படுகிறாள். போனால் இரண்டு வருடம் கழித்துத்தான் வருவாள். அப்படிப்பட்ட நாளில் எந்த மனுஷனாவது கடலுக்குப் போவானா? இவர் போனார். கூடத்தில் கட்டி வைத்த பெட்டியைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஒரே வலை, ஒன்பதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். மற்றப் படகுக்காரர்கள் சும்மாவா அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள்!

அவர் போகும்போது நீர் ஏறி நின்றது. திட்டின்மேல் ஒரு சுருக்கம்கூட இல்லை. இப்போது வற்றம். ஆற்றுத் தண்ணீர் வெளியே பாய்ந்தது. எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலைகள் உள்ளே வந்தன. இரண்டும் திட்டின்மேல் முட்டிக்கொண்டன. ஒவ்வொரு அலையும் அவசரமே இல்லாமல் எழுந்து, நின்று, எதையோ யோசித்துவிட்டு விழுந்தது. சத்தம் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொருகும், அவ்வளவு அழகு. அதுதான் எனக்கு எரிச்சல். ஆளைக் கொல்லுகிற அலைக்கு அழகு ஒரு கேடா?

ஒன்பதே காலுக்கு வயர்லெஸ் கரகரத்தது. அவர்தான்.

"திட்டுக்கு வெளிய நிக்கறேன். உள்ள வரட்டுமா?"

"வேணாங்க. அங்கேயே நங்கூரம் போடுங்க. பதினோரு மணிக்கு வற்றம் முடியும், அப்ப வாங்க."

"பதினொண்ணா? பஸ் பத்துக்குடி! இங்க தண்ணி எண்ணெய் மாதிரி கிடக்கு."

"நீங்க பாக்கறது அலையோட முதுகு. மூஞ்சி என் பக்கம் இருக்கு. ரெண்டு ஆள் உயரம்."

வெளியிலிருந்து வருகிறவனுக்கு இதுதான் வினை. முதுகு வழவழவென்று இருக்கும். உள்ளே நுழைந்த பிறகுதான் சங்கதி தெரியும். அப்போது திரும்பவும் முடியாது.

"சரி சரி" என்றார்.

ஒரு 'சரி' சொன்னால் கேட்பார். இரண்டு 'சரி' சொன்னால் காதில் வாங்கவே இல்லை என்று அர்த்தம். இருபத்திநாலு வருடக் குடித்தனத்தில் இதுகூடத் தெரியாதா? பின்னாலேயே அவர் இஞ்சினைக் கிளப்புகிற சத்தம் வயர்லெஸ்ஸில் கேட்டது.

அதே நேரம் மகள் பெட்டியோடு படியேறி வந்து என் பின்னால் நின்றாள். அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள்.

அந்த மைக்கில் நான் பொய் சொன்னதே இல்லை. ஒருமுறை சொன்னால் அப்புறம் எந்தப் படகுக்காரன் என் பேச்சை நம்புவான்? அன்றைக்குச் சொன்னேன்.

"ஏங்க, பஸ் லேட்டாம். டயர் பஞ்சராம். பதினொன்றரைக்குத்தான் கிளம்புமாம். அவசரமே இல்ல."

மகள் என்னைப் பார்த்தாள், கீழே அலையைப் பார்த்தாள். குனிந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"ஆமாப்பா. மெதுவாவே வாங்க. நான் இருக்கேன்."

இஞ்சின் இன்னும் கொஞ்ச நேரம் உறுமியது. பிறகு நின்றது. நங்கூரக் கயிறு ஓடுகிற சத்தம் கேட்டது.

"சரிம்மா" என்றார். ஒரே ஒரு 'சரி'. அதோடு விடாமல் பேசிக்கொண்டே போனார். அங்கே வெயில் வந்துவிட்டதாம், பனி பொன்னாக மிதக்கிறதாம், படகு எதன்மேல் நிற்கிறது என்றே தெரியவில்லையாம். "வேளைக்குச் சாப்பிடு கண்ணு. கால்ல ஈரத்தோட நிக்காத. தூக்கம் வரலேன்னா அப்பா பேரைச் சொல்லித் திட்டிட்டுப் படு." மனுஷன் என்ன உளறுகிறார் என்று நினைத்தேன். என் கண்ணெல்லாம் அலைமேல் இருந்தது. மகள் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். பிறகு என் தோளை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் படியிறங்கினாள். பெட்டி ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டே போனது.

பதினோரு மணிக்கு மேல் நீர் நின்று திரும்பியது. ஏழு எண்ணினேன், இன்னும் ஏழு எண்ணினேன். "வாங்க" என்றேன். வெள்ளையிலிருந்து படகு கனவில் வருவதுபோல் சத்தமில்லாமல் வந்தது. திட்டின்மேல் லேசாக ஏறி இறங்கியது. அவ்வளவுதான்.

அவர் படியேறி வந்தார். கதவைத் திறந்தார். லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"புள்ள போயிட்டா" என்றேன். "உங்களால நான் மைக்கில பொய் சொல்லிட்டேன். இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பஸ் லேட்டுன்னா புள்ள எதுக்குடி அழுவா? அவ 'நான் இருக்கேன்'னு சொன்னப்பவே குரல் உடைஞ்சிருச்சே."

"அப்போ தெரிஞ்சும் ஏன் நின்னீங்க?"

"நீயே பொய் சொல்றேன்னா அந்த அலை எப்படி இருக்கும்னு நினைச்சேன். பயந்துட்டேன். அதான், சொல்ல வேண்டியதை எல்லாம் அங்கிருந்தே அவகிட்ட சொல்லிட்டேன்."