மேகம் மூடிய கணவாய்

மலையில் எங்கெங்கே பனி கிடக்கிறது என்று தினமும் காலையில் படம் போட்டு இணையத்தில் ஏற்றுவதுதான் அவள் வேலை. செயற்கைக்கோள் அனுப்புவதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பனிக்கு வெள்ளை, வெறும் தரைக்குப் பழுப்பு, மேகம் மறைத்த இடத்துக்குச் சாம்பல் நிறம். மேகம் இல்லாத மலை ஏது? பாதி நாள் படம் முழுக்கச் சாம்பல்தான். "இதைப் பூசி வைக்கத்தான் சம்பளமா?" என்று ஜனங்கள் இணையத்தில் கிழி கிழியென்று கிழித்தார்கள்.

மேலதிகாரி ரோஷக்காரர். "மேகம் இருக்கிற இடத்துல, கடைசியா தெளிவாத் தெரிஞ்ச நாள்ல என்ன இருந்துச்சோ அதையே நிரப்பிடும்மா" என்றார். தானாக நிரப்பும் கணினி நிரல் ஒன்றை எழுதி நிரப்பினாள். இந்தத் தொழிலில் பலரும் செய்கிற வழிதான். எந்த நாளில் பார்த்தது என்ற தேதி ஓரத்தில் எறும்பு எழுத்தில் வரும். அதை எவன் படிக்கிறான்? படம் பளிச்சென்று ஆயிற்று, வசவு நின்றது, அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை.

அவள் தம்பி லாரி ஓட்டுகிறவன். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். சரக்கோடு மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் கணவாயைத் தாண்டியாக வேண்டும். ஒரு நாள் காலை அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"அக்கா, மேல எப்படி இருக்கு? கிளம்பலாமா?"

வேறு வேலையாக இருந்தவள் திரையை எட்டிப் பார்த்தாள். கணவாய் பழுப்பாக இருந்தது.

"சுத்தமா இருக்குடா. போயிட்டு வா."

"மகாராணி சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன!" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அது அவளே நிரப்பிய பழுப்பு, போன வாரத்துப் பழுப்பு. ஊரே ஏமாறட்டும், நிரப்பியவள் ஏமாறலாமா? மத்தியானம் அவன் போன் எடுக்காதபோதுதான் அந்த நாளின் அசல் படத்தைத் திறந்தாள். கணவாய்மேல் கனத்த மேகம். மீட்புக் குழுவுக்குப் போன் போட்டாள்.

மீட்கப் போனவர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். மேலே கையை நீட்டினால் கை தெரியவில்லையாம். மறுநாளும் மேகம், அதற்கு மறுநாளும் மேகம். அவள் எழுதிய நிரலோ எதுவும் நடக்காததுபோலக் கணவாயைப் பழுப்பாகவே காட்டிக்கொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் அதை நிறுத்திப் பழையபடி சாம்பலைக் கொண்டு வந்தாள். மேலதிகாரி பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

ஒரு காலையில் மேகம் விலகியது. படம் இறங்குகிறவரை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவாய், ரோடு, இரண்டு பக்கச் சரிவு எல்லாமே வெள்ளை. பழுப்பு என்று பேருக்குக்கூட ஒரு கட்டம் இல்லை. ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்கள், ரோடு எது பள்ளம் எதுவென்றே தெரியவில்லை என்றார்கள்.

அம்மா போன் செய்தாள்.

"மேகம் விலகிடுச்சாமே? உன் படத்துல அவன் தெரியுறானா?"

"லாரியெல்லாம் தெரியாதும்மா. ஒரு கட்டமே ஒரு தெரு நீளம்."

"ரொம்பப் பனியா?"

"ஆழம் தெரியாதும்மா. வெள்ளையா இருக்குன்னு மட்டும்தான் தெரியும்."

அம்மா குரல் கம்மச் சொன்னாள். "நான்தாண்டி பாவி. வானம் இருட்டிக்கிட்டு வருது, போகாதடான்னு வாசல்ல மறிச்சு நின்னேன். 'அக்கா பாத்துச் சொல்லிட்டாம்மா'ன்னான். நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்னு நானே வழிய விட்டுட்டேன்."

அது போன வாரத்துப் பழுப்பு என்று சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. பெற்றவள், செய்யாத தப்புக்குத் தன்னையே திட்டிக்கொண்டு அழுகிறாள். கேட்டுக்கொண்டு நிற்கிற இவளெல்லாம் ஒரு மகளா?

"அழாதடி" என்றாள் அம்மா. "நீ விடாம பாத்துக்கிட்டே இரு. உன் கண்ணுக்குத் தப்பாது."

"பாக்கறேம்மா" என்றாள்.